காந்தத்துக்குப் பிடிபடாத இரண்டு கம்பிகள்

பாசையூர்
12.11.2024

சேசு மரி சூசை துணை.

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி பத்திநாதன் எழுதிக்கொள்வது. நானும் ஜெயனியும் சுகம். மழை பிடித்துவிட்டது, ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். உங்கள் மூட்டு வலி மலைநாட்டுக் குளிருக்கு எப்படி? மதருக்கும் மற்றச் சிஸ்டர்மாருக்கும் என் தோத்திரம் சொல்லுங்கள்.

உலகமே வாட்ஸப்பில் கதைக்கிறது, மடத்துக்குள் இருக்கிற என் அக்காவுக்கு மட்டும் முத்திரை ஒட்ட வேண்டியிருக்கிறது. சரி, ஒட்டுகிறேன். காரியம் அவசரம்.

யாழ்ப்பாண ரவுணில் ஒரு ஹொட்டேலில் சனிக்கிழமைகளில் நானும் சுப்யானும் வாசிக்கிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அவன் கீபோட், நான் கிற்றார். வருகிற ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று அங்கே பெரிய மண்டபம் திறக்கிறார்கள். பிறகு கிழமைக்கு மூன்று நாள் வாசிக்க நிரந்தர ஆட்கள் எடுப்பார்கள். நேற்று மனேச்சர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணை, உங்கடை ஜாஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூண்டாவது மேசைக்கு அங்காலை ஒண்டும் கேக்கேல்லை. மண்டபம் திறக்கிறதுக்கிடையிலை கேக்கப் பண்ணுங்கோ, இல்லாட்டிச் சுப்யான் தனியப் போதும்" என்றான். இருபத்திரண்டு வருடம் உல்லாசக் கப்பல்களில் வாசித்தவன் நான். வீட்டுக்கு வந்து உங்களுக்கு எழுதக் கடதாசி தேடினேன்.

மைக்கை முன்னால் வைத்தால் பிளேட், கரண்டிச் சத்தம்தான் பெரிதாக வருகிறது. கிற்றாரின் சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் பூட்ட வேண்டும். எதைப் பூட்டுவது? வயிறு புடைத்த ஜாஸ் கிற்றார், வயலின் மாதிரி இரண்டு பக்கமும் துளை. அதன் வயிற்றை வெட்டச் சொல்லாதீர்கள், என் கையை வெட்டச் சொல்லுங்கள், வெட்டுகிறேன். பற்றரி கிடைக்காத அந்த நாளில் சைக்கிள் டைனமோவைக் கொண்டு ரேடியோவைப் பாட வைத்தவ நீங்கள். காந்தத்தையும் செப்புச் சுருளையும் பற்றி இங்கே வேறு யாரிடம் கேட்பேன்?

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கடற்றொழிலும் தெரியாது, கடையும் தெரியாது. இதுவும் போனால் எனக்கு ஒன்றும் இல்லை, அக்கா. உடனே எழுதுங்கள்.

உங்கள் தம்பி
பத்தி


மடத்திலிருந்து
25.11.2024

அன்புத் தம்பி பத்திக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். மூட்டு வலி என்னை விட்டுப் போகிற எண்ணத்தில் இல்லை. நாங்கள் இருவரும் பழகிவிட்டோம்.

எங்கள் சிற்றாலயத்து மைக் திருத்த வருகிற மனிதரிடமும் கேட்டேன். உனக்கு மூன்று வழி உண்டு. பொட்டு மாதிரி மரத்தில் ஒட்டுகிற பிக்கப், மரம் அதிர்வதைப் பிடிக்கும். ஆனால் உன் சட்டைப் பொத்தான் முட்டுவதையும் சேர்த்துப் பிடிக்கும், சத்தத்தைக் கூட்டினால் கூவும். துளைக்குள் வைக்கிற சின்ன மைக், மிக இயல்பான சத்தம். பக்கத்தில் சுப்யான் இருந்தால் அவனையும் பிடிக்கும். மூன்றாவது, கழுத்து நுனியில் பூட்டுகிற காந்தப் பிக்கப். வயிற்றில் முட்டாமல் தொங்கும், வெட்டத் தேவையில்லை, அவ்வளவாகக் கூவாது.

எது என்று சொல்லுமுன் ஒரு கேள்விக்குப் பதில் எழுது. கிற்றாரில் இப்போது என்ன கம்பி போட்டிருக்கிறாய்?

ஞாயிறு முதல் திருவருகைக் காலம். உனக்குத் தெரியும், கிறிஸ்து பிறந்த நத்தார் வரையும் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. வருகிற கடிதம் கையில் கிடைக்கும், பதில்தான் போகாது.

இன்னொன்று. ஆகஸ்டில் நீ வந்துவிட்டுப் புறப்பட்டபோது சந்திப்பு அறையின் மரத் தடுப்பு அழிக்கு இப்பால் நின்று உன்னை இரண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பாமலே போய்விட்டாய். என்னில் ஏதும் கோபமா?

உனக்காக மன்றாடும்
அக்கா


பாசையூர்
27.12.2024

பாசமுள்ள அக்காவுக்கு நத்தார் வாழ்த்துகள்.

இங்கே எல்லாரும் நலம். ஜெயனி சுட்ட பலகாரத்தில் ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன், உடைந்து வந்தால் தபால்காரனைத் திட்டுங்கள்.

உங்களில் கோபமா? பஸ் பிடிக்கிற அவசரம், வேறு ஒன்றும் இல்லை.

பொட்டுப் பிக்கப் ஒன்று வாங்கி ஒட்டினேன். உதவாது. முதல் இரண்டு கம்பியும் மந்தம், போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி. சத்தம் பெருக்குகிற அம்பில் கீச்சுப் பக்கத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். சுப்யான் காதைப் பொத்திக்கொண்டு, "அண்ணை, ஊசியாலை குத்திற மாதிரி இருக்கு, குறையுங்கோ!" என்று கத்துகிறான். கீபோட்காரனுக்குக் கிற்றாரைப் பற்றி என்ன தெரியும்? பிறகு அது கூவத் தொடங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி எழும்பி வெளியே போய்விட்டாள். மனேச்சர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஜெயனி இப்போது எதைச் சொன்னாலும் வாய்க்குள் முணுமுணுக்கிறாள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், ரொட்டி விற்க வருகிற ஓட்டோக்காரனும் இப்போது பாட்டில்லாமல் கள்ளன் மாதிரி வந்து போகிறான், காலையில் பாண் தவறிவிடுகிறது. எல்லாரும் சேர்ந்து எனக்கு விசர் பிடிக்கப் பண்ணுகிறார்கள்.

காந்தம்தான் முடிவு. என்ன சொல்கிறீர்கள்?

பத்தி


மடத்திலிருந்து
06.01.2025

அன்புத் தம்பிக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. பலகாரம் தூளாகத்தான் வந்தது. தூளாகவே தின்றோம், ஜெயனியின் கைக்கு நன்றி.

என்ன கம்பி என்று கேட்டேன். ஒரு வரிக் கேள்வி. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் பதில் இல்லை.

ஜெயனி கல்யாணம் கட்டி வந்த நாளில் இருந்து ஒழுங்கை முனைக்குக் கேட்கக் கதைக்கிற பெண். அவள் முணுமுணுக்கிறாள் என்பது எனக்குப் புதினமாக இருக்கிறது. அவளுக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையா? பார்த்து எழுது.

அக்கா


பாசையூர்
30.01.2025

அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம், ஜெயனியும் சுகம், அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கம்பி, கம்பி என்று என் உயிரை வாங்காதீர்கள். கீழ் நாலும் உருக்கு. முதல் இரண்டும் தங்கூசி, மீன் பிடிக்கிற அதே நைலோன் தங்கூசி. நீங்கள்தான் தொடக்கி வைத்தீர்கள், மறந்துவிட்டீர்களா? பொருளாதாரத் தடை நேரம் கோயில் கிற்றாருக்குக் கம்பி இல்லாமல், அப்பாவின் வலைப் பெட்டியில் வெட்டி எடுத்துப் பூட்டி விட்டீர்கள். பிறகு நாடு கடனில் வங்குரோத்தாகி வாத்தியச் சாமான் இறக்குமதி செய்யக் கூடாது என்றார்கள். நானும் பழையபடி தங்கூசிக்குப் போய்விட்டேன். உருக்கு என்றால் எங்கள் கடற்காற்றுக்கு ஒரு கிழமையில் துருப்பிடித்து அறும். என் விரலுக்கும் அது பழகிவிட்டது.

கனடாவிலிருந்து ஜெயனியின் தமையன் பெப்ரவரிக் கடைசியில் வருகிறான், காந்தப் பிக்கப் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். இனி என்னைக் குழப்பாதீர்கள். மண்டபம் திறக்க மூன்று மாதம்கூட இல்லை. எனக்கு நித்திரை வருவதில்லை.

பத்தி


மடத்திலிருந்து
12.02.2025

அன்பான பத்திக்கு,

உன் நித்திரைக்காக இங்கே பதினாலு பேர் செபிக்கிறோம். கோபிக்காமல் வாசி.

காந்தப் பிக்கப் இரும்பைத்தான் அறியும். உருக்குக் கம்பி காந்தத்துக்கு முன்னால் அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும், அம்பில் சத்தம் வரும். தங்கூசி அதிர்ந்தால் காந்தத்துக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. நாலு கம்பி கதைக்கும், முதல் இரண்டும் ஊமை. பாட்டின் மெட்டு முழுவதும் அந்த இரண்டில்தானே போகிறது? மண்டபத்தில் உன் விரல் ஓடும், சத்தம் வராது.

ஆகவே இரண்டில் ஒன்று செய். காந்தம் பூட்டினால் ஆறும் உருக்காக்கு. தங்கூசிதான் வேண்டுமென்றால் காந்தத்தை விடு, பொட்டுக்குத் திரும்பு. மார்ச் ஐந்தாம் திகதி திருநீற்றுப் புதன், தபசு காலம் தொடங்கும். அதற்குப் பிறகு பாஸ்கா, உயிர்த்த ஞாயிறு வரையும் என்னால் எழுத முடியாது. பூட்டியதும் சுப்யானை வைத்து ஒரு தரம் வாசித்துப் பார்.

அக்கா


பாசையூர்
03.03.2025

என் விஞ்ஞானி அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நான் இன்று மிகவும் சுகம். ஏன் என்று கேளுங்கள்.

பிக்கப் வந்துவிட்டது. காலையில் தனிய இருந்து பூட்டினேன். கம்பி மாற்றவில்லை. நீங்கள் ஊமை என்று சொன்ன தங்கூசி இரண்டும் அப்படியே இருக்கின்றன. அம்பைப் போட்டு ஒரு மணித்தியாலம் வாசித்தேன். நீங்கள் சொன்னது பிழை, அக்கா! ஆறு கம்பியும் கேட்கிறது. முதல் இரண்டும் எப்போதும் எப்படிக் கேட்குமோ அப்படியேதான், ஒரு வித்தியாசமும் இல்லை. கீழ் நாலும் தேன். கூவவும் இல்லை. மடத்துக்குள் இருந்து காந்தம் மறந்துபோச்சு உங்களுக்கு.

சுப்யானுக்கு வாசித்துக் காட்ட முடியவில்லை. நோன்பு தொடங்கியதால் புத்தளத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். பெருநாள் முடிந்து வந்தாலும் நான் பெட்டியைத் திறக்க மாட்டேன். என் நேர்த்திக்கடன் தெரியுந்தானே, நீங்கள் மடத்தில் சேர்ந்த வருடம் வைத்தது. தபசு காலத்தில் நீங்கள் எழுதுவதில்லை, நான் வாசிப்பதில்லை. இனி உயிர்த்த ஞாயிறு பின்னேரம் நேரே மண்டபத்தில்தான். பயமில்லை, பாட்டெல்லாம் பாடம்.

உங்கள் தம்பி பிழைத்துவிட்டான் என்று மதரிடம் சொல்லுங்கள்.

பத்தி


மடத்திலிருந்து
09.04.2025

பத்தி,

சுகம் விசாரிக்க இடமில்லை, ஒரு தாள்தான் தந்திருக்கிறார்கள்.

உன் கடிதம் மார்ச் ஏழாம் திகதி கிடைத்தது. அன்றைக்கே மதரிடம் ஓடினேன். "யாரும் சாகக் கிடக்கிறார்களா?" என்று கேட்டா. இல்லை என்றேன். "அப்படியென்றால் பாஸ்காவுக்குப் பிறகு" என்றா. ஒழுங்கு ஒழுங்குதான். முப்பத்து மூன்று நாள் செபத்திலும் சாப்பாட்டிலும் உன் கடிதத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று மறுபடி போய் அவவின் காலடியில் இருந்து எழும்ப மறுத்துவிட்டேன்.

நான் காந்தத்தை மறக்கவில்லை, தம்பி. அந்த இரண்டு கம்பியும் அம்பால் வரவே முடியாது. யார் பூட்டினாலும் வராது. வந்தது என்று நீ எழுதியிருக்கிறாய், எப்போதும் போலக் கேட்டது என்று. அப்படியென்றால் அவை உனக்கு எவ்வளவு காலமாகக் கேட்கவில்லை?

ஜெயனி முணுமுணுக்கவில்லை. பாண்காரன் பாட்டுப் போடுகிறான். சுப்யான் காதைப் பொத்தியது சரி. ஆகஸ்டில் நீ அவசரமாகப் போகவுமில்லை. நான் கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை மாதம் இருந்தேனே, எனக்குத்தான் விசர்.

நான் பிழையாக இருந்தால் என்னைப் பார்த்துச் சிரி. இல்லையென்றால் மண்டபத்தில் ஏற முதல் ஆறையும் உருக்காக்கு, சுப்யானிடம் உண்மையைச் சொல்லு. வருடப் பிறப்பும் பெரிய வெள்ளியும் தபாலை மறிக்கும். இது உன்னிடம் நேரத்துக்கு வந்து சேர வேண்டும் என்று புனித அந்தோனியாரைச் செபத்தில் நெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


பாசையூர்
21.04.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்களோடு இருப்பதாக.

நேற்று மண்டபம் திறந்தார்கள். ஆறு பாட்டு வாசித்தோம். கைதட்டு என்றால் அப்படி ஒரு கைதட்டு. மனேச்சர் வந்து கையைப் பிடித்து, "அண்ணை, கடைசி மேசை வரைக்கும் கேட்டது" என்றான். கிழமைக்கு மூன்று நாள், வேலை எங்களுக்குத்தான். ஜெயனி முன்வரிசையில் இருந்தாள், சந்தோசத்தில் அழுதாள்.

வேறு விசேசம் இல்லை. உடம்பைக் கவனியுங்கள்.

பத்தி


பாசையூர்
23.04.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

ஜெயனி எழுதுவது. எனக்கு உங்களைப்போல எழுத வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தபால்காரர் படலையில் நின்று மணி அடிக்க அடிக்க அவர் உள்ளே பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தார். நான்தான் வாங்கினேன். உறையில் உங்கள் எழுத்தைக் கண்டதும், தபசுக்குள் எழுதியிருக்கிறாவே, யாருக்கும் ஏதுமோ என்று பயந்து உடைத்துவிட்டேன்.

மச்சாள், நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. ஞாயிறன்று கரண்ட் நின்று நின்று வந்ததால் சவுண்ட் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. முதல் பாட்டுத் தொடங்கியது. அவருடைய விரல் ஓடுகிறது, பாட்டு வரவில்லை. அடியில் இரண்டு சத்தம் வரும், பிறகு வெறுமை. அவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு வாசிக்கிறார். எனக்கு ஓடிப்போய்க் கிற்றாரைப் பறிக்க வேண்டும் போல இருந்தது. அப்போது சுப்யான் கீபோட்டில் கிற்றார்ச் சத்தத்துக்கு மாற்றிப் போட்டு, விட்டுப்போன மெட்டை எல்லாம் தானே வாசித்தான். ஆறு பாட்டும் அப்படித்தான் போனது. சனம் கைதட்டியது அவனுக்கு. நான் சந்தோசத்தில் அழவில்லை.

பிறகு அவன் என்னைத் தனியக் கூப்பிட்டு, "அக்கா, அண்ணைக்குக் கேக்கேல்லை. நான் எவ்வளவு நாளைக்கு இப்பிடி வாசிக்கிறது? எனக்கு ஏலாது, ஆனா சொல்லவும் வாய் வருகுதில்லை" என்று அழுதான்.

அவரோ வேலை கிடைத்த சந்தோசப் புழுகத்தில் வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிகிறார். பாண் ஓட்டோ பாட்டோடு வாசலால் போகிறது, அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. உங்கள் கடிதத்தை அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறேன். கொடுக்கவா, எரிக்கவா? கொடுத்தால் அவர் கடலில் விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்ய, மச்சாள்? சொல்லுங்கள்.

ஜெயனி


பாசையூர்
02.05.2025

அக்கா,

நான் சுகம் என்று இந்த முறை எழுதவில்லை.

கல்யாணம் கட்டிய நாளில் இருந்து, வீட்டில் நிற்கிற நாளெல்லாம் அரிசி அளந்து போடுகிறவன் நான். பத்து நாளாக ஜெயனி என்னை வாளிக்குக் கிட்டப் போகவிடவில்லை. அவள் கோயிலுக்குப் போன நேரம் கையை விட்டுப் பார்த்தேன். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, அரிசியைத் தடவி, திரும்ப அப்படியே வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியாது என்று அவள் நிம்மதியாக இருக்கிறாள்.

எனக்குத் தெரியும், அக்கா. போன ஆடியில் கொழும்பில் ஒரு காது டொக்டர் கோடு கீறிக் காட்டினார். கனத்த சத்தப் பக்கம் நேரே போகிற கோடு, கீச்சுப் பக்கம் வரக் கிணற்றுக்குள் விழுகிறது. திரும்பி வராது என்றார். காதில் மெஷின் போட்டால் ஆட்கள் கதைப்பது விளங்குமாம், வாத்தியம் தகரம் மாதிரித்தான் இருக்குமாம். கடதாசியைக் கிழித்துப் புகையிரதத்தில் இருந்து எறிந்தேன். ஆனால் இரண்டு கம்பி முழுதாகப் போய்விட்டது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. விரல் ஓடியபோது எனக்குள் கேட்டது. அதைத்தான் கேட்டது என்று உங்களுக்கு எழுதினேன்.

மண்டபத்தில் இரண்டாம் பாட்டில் கண்ணைத் திறந்தேன். சுப்யானின் வலது கையைப் பார்த்தேன். நான் முதல் கம்பியில் போகிற இடமெல்லாம் அந்தக் கையும் போகிறது. அவன் கன்னம் நனைந்திருக்கிறது. நான் முதல் கம்பியை விட்டுவிட்டேன், விரலை எடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை, பாட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா, அந்த இடத்தில் நான் செத்துவிட்டேன். மிச்சத்தைச் சிரித்துக்கொண்டு வாசித்தேன், நிறுத்தினால் அவன் எனக்காகப் பட்ட பாடு வீணாகிவிடும். அடுத்த நாள் உங்களுக்குச் சந்தோசக் கடிதம் எழுதியபோது ஜெயனி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். வேறு எதை எழுத?

காந்தத்தைக் கழற்றிவிட்டேன். ஆறும் உருக்காகப் போட்டாலும் சத்தத்தை எந்த அளவில் வைப்பது என்று எனக்கு விளங்காது. பொட்டை மறுபடி ஒட்டியிருக்கிறேன், தங்கூசியும் அதில் வரும். எவ்வளவு கூட்டினால் மற்றவர்களின் காதுக்குச் சரி? சுப்யானைக் கேட்டால் இரக்கப்பட்டு "நல்லா இருக்கு அண்ணை" என்பான். ஜெயனி அழுவாள். நீங்கள் இரண்டும் செய்ய மாட்டீர்கள்.

கிற்றாரையும் அம்பையும் கொண்டு மடத்துக்கு வருகிறேன். உங்கள் குரல் அழியைத் தாண்டி எனக்கு வராது, ஆகவே கதைக்க வேண்டாம். நான் முழங்காலை அழியில் சாய்த்துக்கொண்டு வாசிப்பேன். அழி மரத்தில் தட்டுங்கள், முழங்காலில் எனக்குத் தெரியும். ஒரு தட்டு என்றால் கூட்டுவேன், இரண்டு என்றால் குறைப்பேன். சரியாக வந்தால் தட்டாமல் இருங்கள். அம்பின் திருகு நிற்கிற அந்த இடத்தில், ஜெயனி நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸால் ஒரு புள்ளி வைப்பேன். பிறகு எனக்குக் கேட்காவிட்டாலும் புள்ளி தெரியும்.

மற்றக் கம்பிகளும் எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. மதர் மறுத்தால் நான் எங்கே போவேன்?

பத்தி


மடத்திலிருந்து
10.05.2025

என் தம்பி பத்திக்கு,

மதர் ஓம் என்றுவிட்டா. மே இருபத்தேழு, செவ்வாய், காலை பத்து மணி. சந்திப்பு அறையில் பிளக் ஒன்றுதான், அதுவும் கதவடியில். நீள வயர் கொண்டுவா. அழியின் இடப்பக்கச் சட்டத்தைக் கறையான் தின்றுவிட்டது, தட்டினால் உனக்குத் தெரியாது. வலப்பக்கம் கதிரை போட்டு வைக்கிறேன்.

ஜெயனியைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அரிசி வாளிக் கதையை வரும் வழியில் பஸ்ஸில் நீயே சொல்லு, அவளைத் தனிய அழ விடாதே. சுப்யானிடமும் நீதான் சொல்ல வேண்டும்.

சரியாக வந்தால் தட்டாமல் இருக்கச் சொல்கிறாய். அது என்னால் முடியாது, பத்தி. நான் சும்மா இருந்தால், அழிக்கு இப்பால் நிற்கிறேனா போய்விட்டேனா என்று உனக்கு எப்படித் தெரியும்?

சரியாக வந்தால் மூன்று தரம் தட்டுவேன்.

அக்கா